கடல் இல்லாத நாட்டுக்கு ஒரு கிராங்க் ஷாஃப்ட்

லிகோமா தீவு, மலாவி
11 நவம்பர் 1998

லமெக் அத்தானுக்கு,

நலம் விசாரிக்கிற நிலைமையில் நான் இல்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

"பதினைஞ்சே நாள். ஷாஃப்டோட வந்து நிக்கிறேன் பாரு" என்று சொல்லிவிட்டு அக்டோபர் இரண்டாம் தேதி கிளம்பினீர்கள். இன்றோடு நாற்பது நாள். நம் மீனவர் சங்கத்தின் கப்பல் 'தியாமிகே' கரையில் ஏறிக் கிடக்கிறது. நீங்கள் எஞ்சினைப் பிரித்துப் போட்ட மாமரத்தடியில் இப்போது கோழி அடைகிறது. சங்கச் செயலாளர் என்று என்னை உட்கார்த்தி வைத்திருப்பதால், தண்ணீர் எடுக்கப் போனாலும் பிடித்துக்கொள்கிறார்கள்.

"உங்க அத்தான் எங்கம்மா?"

"நகாலா துறைமுகத்துல."

"அங்க வேற குடும்பம் ஏதாச்சும் வெச்சுக்கிட்டாரா?"

இனிமேல் ஆமாம் என்று சொல்லிவிடலாமா என்று பார்க்கிறேன். அதையாவது நம்புவார்கள்.

ஆகஸ்டில் முறிந்த கிராங்க் ஷாஃப்ட்தான் எஞ்சினுக்கு முதுகெலும்பு என்று கூட்டத்தில் நீங்களே விளக்கினீர்கள். புதிதாக வாங்கியது டர்பனிலிருந்து கப்பலேறி நகாலாவில் இறங்கிவிட்டது என்று தந்தியும் வந்தது. எஞ்சின் தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான் என்பதால் உங்களை அனுப்பச் சொல்லி முதலில் கை தூக்கியவள் நான். அந்தக் கையை இப்போது எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

அரசாங்கத்தின் பெரிய கப்பல் வருடாந்திரப் பழுதுக்குப் போயிருக்கிறது. மார்ச்சுக்கு முன் இறங்காது. அதுவரை இந்தத் தீவுக்கும் நம் நாட்டுக் கரைக்கும் நடுவே தியாமிகேதான் பாலம். பாலம் மாமரத்தடியில் கிடக்கிறது.

என் அடுப்படி ஜன்னலைத் திறந்தால் மொசாம்பிக் மலை தெரிகிறது. கோபுவே கரையில் யார் வீட்டில் புகைகிறது என்றுகூடச் சொல்லிவிடுவேன். அதே தேசத்தில்தான் நீங்களும் இருக்கிறீர்கள், ஷாஃப்டும் இருக்கிறது. ஆனால் அது அந்தக் கோடியில், கடலோரத்தில். ரயிலேறித் தெற்கே சுற்றி, எல்லை தாண்டி நம் நாட்டுக்குள் நுழைந்து, அப்புறம் ஏரி நெடுக வடக்கே ஏறி வர வேண்டுமாம். தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவது என்று கேள்விப்பட்டிருக்கிறேன். இது ஊரைச் சுற்றி மூக்கைத் தொடுவது.

அக்கா உங்களுக்கு எழுத மாட்டாளாம். கேட்டதற்கு, "எழுத என்ன இருக்கு? மழை வந்தா அவருக்கே தெரியும்" என்றாள். பாதிக் கூரையைப் பிரித்துப் போட்டுவிட்டு, தகரம் படகில் வரும் என்று சொல்லிவிட்டுப் போனவர் நீங்கள்.

கடிதத்தை ஒரு கோபுவே வியாபாரியிடம் கொடுத்து அனுப்புகிறேன்.

தோரிகா


நகாலா
27 நவம்பர் 1998

தோரிகாவுக்கு,

வேறு குடும்பம் வைத்துக்கொள்ள எனக்கு நேரம் ஏது? காலை ஏழு மணியிலிருந்து மாலை வரை மர பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். பெஞ்சுதான் இப்போது குடும்பம்.

பெட்டி வந்திருக்கிறது. கண்ணால் பார்த்தேன். ஆனால் வெளியே எடுக்க முடியவில்லை. ஒரு காகிதத்தில் 146 கிலோ என்றும் இன்னொன்றில் 148 கிலோ என்றும் இருக்கிறது. அந்த இரண்டு கிலோ எங்கிருந்து வந்தது என்று மூன்று வாரம் விசாரித்தார்கள். கடைசியில் அது பெட்டியின் ஆணியும் கிரீஸும் என்று முடிவாயிற்று. சரி, கிளம்பலாம் என்று எழுந்தேன். புதிதாக ஒரு குமாஸ்தா வந்து உட்கார்ந்தார். அவர் கேட்டதையும் நான் சொன்னதையும் அப்படியே எழுதுகிறேன். சுமை தூக்குகிற ஒருவர்தான் மொழிபெயர்த்தார்.

"இது என்ன?"

"கிராங்க் ஷாஃப்டுங்க. கப்பலுக்கு."

"எந்த நாட்டுக்குப் போகுது?"

"மலாவிக்கு."

பேனாவை மூடினார். எழுந்து போய்ச் சுவரிலிருந்த தேசப்படத்தைப் பார்த்துவிட்டு வந்தார்.

"உங்க நாட்டுல கடல் எங்கய்யா இருக்கு?"

"கடல் இல்லைங்க. ஏரி."

"ஏரில தோணி விடுவாங்க. கப்பலா விடுவாங்க?"

"ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல நீளங்க. மலாவி ஏரின்னு..."

"படத்துல மலாவி ஏரின்னு ஒண்ணு இல்லையே. நியாசா ஏரின்னுதான் இருக்கு."

"அதுதாங்க இது."

"அப்போ அது எங்க நாட்டு ஏரியில்லையா?"

சுமை தூக்குகிறவர் சிரித்துவிட்டார். அதில் குமாஸ்தாவுக்கும் கோபம், எனக்கும் கோபம். கடல் இல்லாத நாட்டின் பெயரைச் சொல்லிக் கப்பல் சாமான் கடத்துகிறேனோ என்று அவருக்குச் சந்தேகம். கப்பல் ஒன்று இருக்கிறது, அது மிதக்க ஏரி ஒன்றும் இருக்கிறது என்பதற்கு எழுத்துமூலம் அத்தாட்சி வேண்டுமாம், போர்த்துகீஸ் மொழியில், படத்தோடு.

முத்திரை உள்ள யாரிடமாவது வாங்கி அனுப்பு. உன் அக்கா ஃபைனெசியிடம் மரவள்ளித் தோட்டத்து ஓரமாக அடுக்கியிருக்கிற கோரைப்புல்லை எடுத்துக் கூரையில் தற்காலிகமாகப் போடச் சொல். அவள் கேட்க மாட்டாள். சொல்லியாவது வை.

லமெக்


லிகோமா
14 டிசம்பர் 1998

அத்தானுக்கு,

ஏரி இருக்கிறது என்பதற்கு அத்தாட்சி இத்துடன் இருக்கிறது. அதை எழுதி வாங்கும்போது எனக்கு அழுகையும் வரவில்லை, சிரிப்பும் வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

எழுதிக் கொடுத்தவர் நம் உபதேசியார் யோஹானே. கோபுவேயில் படித்தவர் என்பதால் போர்த்துகீஸ் நன்றாக வரும். கோயில் முத்திரையும் குத்தியிருக்கிறார். கடைசி வரியை எனக்கு மொழிபெயர்த்துச் சொன்னார்: "இந்த ஏரி இருக்கிறது என்பதற்கு நானே சாட்சி. அறுபத்து மூன்று வருடமாக இதில் குளித்து வருகிறேன்." இதெல்லாம் வேண்டாம் என்றேன். "அந்த ஆளுக்கு சந்தேகம் முழுசாத் தீரணும்ல?" என்றார்.

புகைப்படம் சங்க அலுவலகச் சுவரில் மாட்டியிருந்ததுதான். தியாமிகே தண்ணீரில் இறங்கிய நாளில் எடுத்தது. நீங்கள் மேல்தளத்தில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்கிறீர்கள். குமாஸ்தா பார்த்தால் அடையாளம் தெரியாது, இப்போது எலும்பாகியிருப்பீர்கள்.

இங்கே மழை பிடித்துவிட்டது. காயப்போட்ட பொடிமீன் பாதி புழுத்துப்போயிற்று. மீதியை ஏற்றி அனுப்ப வழியில்லை. மருத்துவமனையில் தடுப்பூசி வைக்கிற குளிர்பெட்டிக்கு மண்ணெண்ணெய் தீர்ந்துவிட்டது. சர்க்கரையைக் கண்ணால் பார்த்து மூன்று வாரம். பொறுக்க முடியாதவர்கள் மீன்பிடிக்கிற பலகைப் படகில் பாய் கட்டிக்கொண்டு நம் நாட்டுக் கரையான ங்கட்டா பேக்குப் போகிறார்கள். காற்று ஒத்துழைத்தால் பத்து மணி நேரம். போகாதீர்கள் என்று சங்கத்தின் பெயரில் அறிவிப்பு ஒட்டினேன். அறிவிப்பை ஒருத்தி கிழித்துக்கொண்டு போய் உப்பு மடித்தாள்.

கூரைப்புல் விஷயம் அக்காவிடம் சொன்னேன். "அந்தப் புல்லை ஆடு தின்னு ஒரு மாசம் ஆச்சுன்னு எழுது" என்றாள். ஆக, அவள் உங்களுக்குச் சொல்லி அனுப்பிய முதல் செய்தி இது. வைத்துக்கொள்ளுங்கள்.

தோரிகா


குவாம்பா
8 ஜனவரி 1999

தோரிகாவுக்கு,

உபதேசியாரின் காலைத் தொட்டுக் கும்பிட்டேன் என்று சொல். குமாஸ்தா அந்தக் கடைசி வரியை மூன்று தடவை படித்துவிட்டு முத்திரை குத்தினார். டிசம்பர் முப்பதாம் தேதி பெட்டி ரயிலேறியது. நானும் ஏறினேன். புது வருடத்தை ரயிலில் கொண்டாடினேன், ஒரு மாம்பழத்தோடு.

இதற்கு மேல் நல்ல செய்தி இல்லை.

குவாம்பாவிலிருந்து எல்லைக்கு எண்பது கிலோமீட்டர்தான். நடுவில் ஓர் ஓடை தண்டவாளத்துக்குக் கீழே இருந்த மண்ணை மொத்தமாக அரித்துக்கொண்டு போய்விட்டது. தண்டவாளம் மட்டும் துணி காயப்போடுகிற கொடி மாதிரி அந்தரத்தில் தொங்குகிறது. நடந்தே போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். ஏழு சரக்குப் பெட்டிகள் இங்கே நிற்கின்றன. ஆறில் உரமும் சிமெண்டும், ஒன்றில் நம் ஷாஃப்ட்.

"எப்ப கெளம்பும்?" என்று ஸ்டேஷன்காரரைக் கேட்டேன்.

"மழை விட்டா."

"மழை எப்ப விடும்?"

"ஏப்ரல்ல விடும். போன வருஷம் மே ஆச்சு."

ஷாஃப்டை இறக்கி லாரியில் கொண்டுபோகலாம் என்றால் சரக்குப் பெட்டியின் கதவில் சுங்க முத்திரை இருக்கிறது. எல்லையில் மட்டும்தான் உடைக்கலாம். நடுவில் உடைத்தால் கடத்தல். ஆகையால் ஒரு பூட்டின் முன்னால் காவல் நாய் மாதிரி உட்கார்ந்திருக்கிறேன். ஸ்டேஷன் பின்னால் ஒரு அம்மா மக்காச்சோளக் களியும் அவரைக்கீரையும் தருகிறாள். அவர்கள் வீட்டு பம்ப்செட்டைச் சரி செய்து கொடுத்தேன், அதற்காக.

ஃபைனெசி எப்படி இருக்கிறாள் என்று இரண்டு வரி எழுது. அவள் எழுதாவிட்டால் போகிறது. நீ எழுது.

லமெக்


லிகோமா
24 ஜனவரி 1999

அத்தானுக்கு,

முதலில் சங்க விஷயம். பொடிமீன் இனி தேறாது. குழி தோண்டிப் புதைத்துவிட்டோம்.

இரண்டாவது, பதினாறாம் தேதி கூட்டம் கூடியது. பிப்ரவரி கடைசி ஞாயிறுக்குள் ஷாஃப்ட் வந்து சேராவிட்டால் தியாமிகேவை ங்கட்டா பே வியாபாரி ஒருவருக்குக் கொடுத்துவிடுவதாகத் தீர்மானம். அவர் அதை ஓட்டப் போவதில்லை. அறுத்துப் பலகையும் இரும்புமாக விற்கப் போகிறார். நான் எதிர்த்துப் பேசினேன். என்னோடு சேர்த்து ஏழு பேர்.

மூன்றாவது விஷயத்தை எப்படி எழுதுவது என்று தெரியாமல்தான் மேலே உள்ளதை எல்லாம் எழுதினேன்.

செவ்வாய்க்கிழமை ங்கட்டா பேயிலிருந்து திரும்பி வந்த பலகைப் படகு வடக்குக் காற்றில் மாட்டிக் கவிழ்ந்தது. ஒன்பது பேர் இருந்தார்கள். உபதேசியார் யோஹானே போய்விட்டார். உப்பு விற்கிற ஸ்டிவேலியா போய்விட்டாள். உபதேசியார் எதற்குப் போனார் தெரியுமா? மருத்துவமனைப் பெட்டிக்கு மண்ணெண்ணெய் வாங்க.

அக்காவும் அந்தப் படகில் இருந்தாள்.

இருக்கிறாள், அத்தான். உயிரோடு இருக்கிறாள். மண்ணெண்ணெய் டின் ஒன்றைப் பிடித்துக்கொண்டு ஐந்து மணி நேரம் தண்ணீரில் கிடந்தாள். பக்கத்துத் தீவு மீனவர்கள் அவளையும் மற்ற ஆறு பேரையும் தூக்கி வந்தார்கள். உள்ளங்கை இரண்டும் கிழிந்திருக்கிறது. கூரைக்கு பிளாஸ்டிக் ஷீட் வாங்கப் போயிருந்தாள். ஷீட் ஏரியோடு போயிற்று.

இனி நான் சொல்வதைக் கேளுங்கள். உங்கள் போன கடிதம் என் கைக்கு எட்டு நாளில் வந்தது. எப்படி? குவாம்பாவிலிருந்து லிஷிங்காவுக்கு லாரி. லிஷிங்காவிலிருந்து ஏரிக்கரையில் மெத்தங்குலாவுக்கு இன்னொரு லாரி. அங்கிருந்து பாய்மரத் தோணியில் கோபுவே. கோபுவேயிலிருந்து என் வீட்டு வாசல். காகிதம் வருகிற வழியில் இரும்பு வராதா? பூட்டைக் காவல் காத்தது போதும். உடையுங்கள்.

தோரிகா


குவாம்பா
5 பிப்ரவரி 1999

தோரிகா,

நீ சங்கத்துக்கு எழுதுகிற கடிதமா இது? மீனுக்கு ஒரு பத்தி. தீர்மானத்துக்கு ஒரு பத்தி. என் மனைவிக்குக் கடைசிப் பத்தி. ஸ்டேஷன் விளக்குக் கம்பத்தடியில் நின்றுகொண்டு, மீன் புதைத்ததைப் படித்து உச்சுக் கொட்டிக்கொண்டிருந்தேன் நான். 'அக்காவும் அந்தப் படகில் இருந்தாள்' என்று எழுதி, அடுத்த வரியைக் கொஞ்சம் இடம் விட்டு எழுதியிருக்கிறாய். அந்த இடத்தில் நான் என்ன ஆனேன் என்று உனக்குத் தெரியாது.

போகட்டும். உன்னைத் திட்டி என்ன ஆகப் போகிறது. பாதிக் கூரையைப் பிரித்தவன் நான்.

உபதேசியார் எழுதிய தாளின் நகல் ஒன்று என் பையில் இருக்கிறது. அதை எடுத்துப் பார்க்கக்கூட முடியவில்லை.

பூட்டை உடைப்பது உனக்கு எளிது. உடைத்தால் எனக்குச் சிறை, அது பரவாயில்லை. ஷாஃப்டைப் பறிமுதல் செய்துவிடுவார்கள், அது பரவாயில்லையா? அதனால் இங்குள்ள சுங்க அதிகாரியிடம் போனேன். தோனா ஃபிலோமெனா என்று பெயர். ஐம்பது வயதிருக்கும். மேஜை நிறைய ஈரக் காகிதம். ஒவ்வொன்றாகப் பிரித்து நாற்காலி முதுகில் காயப்போட்டுக்கொண்டிருந்தார். பெட்டியைத் திறந்து மெத்தங்குலா வழியாக விடுங்கள் என்று அரைகுறை போர்த்துகீஸில் கேட்டேன்.

"பேப்பர்ல எந்த எல்லைன்னு எழுதியிருக்கோ அந்த எல்லை வழியாத்தான் வெளிய போகணும். மாத்தணும்னா நகாலாதான் மாத்தணும். எனக்கு அதிகாரம் இல்ல."

"அந்த எல்லைக்கு ரயிலே போகலையேம்மா."

"தெரியும். அந்த ஆறு பெட்டியில உரம் கரைஞ்சு ஓடுது. தெனம் ஒருத்தர் வந்து என்னைத் திட்டிட்டுப் போறாங்க. மழையை நானா பெய்ய வெச்சேன்? நீயும் திட்டணும்னா திட்டிட்டுப் போ."

நான் திட்டவில்லை. உன் கடிதத்தை எடுத்து, மூன்றாவது விஷயத்தை மட்டும் நம் மொழியிலேயே படித்தேன். அவருக்குப் புரிந்தது. முடித்ததும் கையிலிருந்த ஈரக் காகிதத்தைக் கீழே வைத்தார். அப்புறம், "எந்தக் காத்துன்னு எழுதியிருக்கா?" என்று கேட்டார்.

"வடக்குக் காத்து."

"ஜனவரியில அதுதான்" என்றார்.

ஏரிக்கரையில் பிறந்தவர்கள்தான் அதைக் கேட்பார்கள். மெத்தங்குலாக்காரராம். தம்பி இன்னும் அங்கே வலை போடுகிறாராம். திங்கட்கிழமை வா என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று தெரியவில்லை. இங்கே திங்கட்கிழமை வா என்றால் பொதுவாக வராதே என்று அர்த்தம்.

லமெக்


குவாம்பா
12 பிப்ரவரி 1999

தோரிகாவுக்கு,

இந்தக் கடிதமும் ஷாஃப்டும் ஒரே லாரியில் வருகின்றன. கடிதம் முன்னால் வந்துவிட்டால் பதறாதே. லாரி பின்னால்தான் இருக்கும், சேற்றில்.

ஃபிலோமெனா தன் பொறுப்பில் முத்திரையை உடைத்தார். வெளியேறும் இடத்தை மெத்தங்குலா என்று மாற்றச் சொல்லி நகாலாவுக்கு எழுதியிருக்கிறார். பதில் வர ஒரு மாதமோ இரண்டு மாதமோ. அதுவரை என் பாஸ்போர்ட் அவர் மேஜையில்.

"நீ போயிட்டா என் வேலை போயிரும். புரியுதா? பேப்பர் வர்ற வரைக்கும் தெனம் காலைல வந்து என் கண்ணுல படணும்."

ஆக, சாமான் வருகிறது, நான் வரவில்லை. ஷாஃப்டுக்கு பதில் என்னை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். கணக்கு சரிதான், எடை மட்டும் குறைவு.

யார் மாட்டுவது என்றுதானே கேட்கப் போகிறாய். எட்டுப் பக்கம் எழுதியிருக்கிறேன், தனியாக மடித்து வைத்திருக்கிறேன். எண்ணெய் பார்க்கிற ங்வீராவிடம் நிறுத்தி நிதானமாகப் படித்துக் காட்டு. முக்கியமானது மூன்று. ஷாஃப்டைத் தாங்கிப் பிடிக்கிற பேரிங் மூடிகளில் எண் குத்தியிருக்கிறது. அதது அதனதன் இடத்தில்தான் போக வேண்டும். ஒரு துளி மணல் உள்ளே போகக் கூடாது, கோழியை விரட்டு. ஒவ்வொரு மூடியை இறுக்கியதும் ஷாஃப்டைக் கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். இறுகினால் நிறுத்திவிடு. அவசரப்பட்டு ஸ்டார்ட் செய்தால் இதுவும் முறியும். அப்புறம் நீங்கள் எல்லோரும் நீந்தித்தான் போக வேண்டும்.

அந்த வரியை அழிக்கலாம் என்று பார்த்தேன். உபதேசியார் விஷயத்துக்குப் பிறகு அப்படி எழுதியிருக்கக் கூடாது. மை அழிக்கிற ரப்பர் இல்லை. மன்னித்துக்கொள்.

லமெக்


லிகோமா
11 மார்ச் 1999

அத்தானுக்கு,

பிப்ரவரி 25, வியாழக்கிழமை மதியம் ஷாஃப்ட் கரை சேர்ந்தது. லாரி சேற்றில் ஐந்து நாள் கிடந்ததாம். பாய்மரத் தோணியில் வாழைச்சருகு விரித்து, பிணத்தைப் படுக்க வைக்கிற மாதிரி வைத்து, எட்டுப் பேர் துடுப்பும் பாயுமாகக் கொண்டுவந்தார்கள். நான்கு மாதமாகச் சுற்றியது பதிமூன்று நாளில் வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை வியாபாரி ஆட்களோடு வந்து இறங்கினார். ஷாஃப்ட் வந்துவிட்டது, போய் வாருங்கள் என்றேன். "வந்துச்சு, சரி. மாட்டறது யாரு?" என்று கேட்டார். கூட்டமே ங்வீராவைப் பார்த்தது. அவர் உங்கள் எட்டுப் பக்கத்தையும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எண்ணெய் ஊத்தச் சொன்னா ஊத்துவேன். இது நமக்கு ஆகாதுப்பா" என்று கீழே வைத்துவிட்டார். வியாபாரி சிரித்தார்.

அக்கா கூட்டத்தின் பின்னால் நின்றிருந்தாள். படகு கவிழ்ந்த பிறகு கரைப் பக்கமே வராதவள். நேராக வந்து தாள்களை எடுத்தாள். உட்கார்ந்து எட்டுப் பக்கத்தையும் படித்தாள், எல்லோரும் நிற்க நிற்க. முடித்துவிட்டு, "ஸ்பானர் பெட்டி எங்க?" என்றாள்.

"உனக்கு என்னம்மா தெரியும்?" என்று யாரோ கேட்டார்கள்.

"பதினோரு வருஷமா அவருக்கு ஸ்பானர் எடுத்துக் குடுத்தது யாரு, உங்க பாட்டனா?"

ஒன்பது நாள் வேலை. உள்ளங்கைப் புண் ஆறியும் ஆறாமலும், துணி சுற்றிக்கொண்டு செய்தாள். ங்வீராவும் நானும் எடுபிடி. எனக்கு அவள் வைத்த பெயர்களை எழுதினால் தபால்காரர் வாங்க மாட்டார். ஐந்தாம் பக்கத்தில் நிறுத்தினாள். மூடிகளை ஒரு கோடியிலிருந்து வரிசையாக இறுக்கச் சொல்லி எழுதியிருந்தீர்கள். "இல்ல. அவர் எப்பவும் நடுவுல இருக்கற மூணாவதுலேருந்துதான் ஆரம்பிப்பார், அப்புறம் ரெண்டு பக்கமும் போவார். கை செய்யறது வேற, எழுதினது வேற" என்றாள். அவள் சொன்னபடியே செய்தோம். ஒவ்வொரு தடவையும் ஷாஃப்ட் கையால் சுற்றியது.

மார்ச் ஒன்பதாம் தேதி மருத்துவமனை ஜெனரேட்டரிலிருந்து டீசல் கடன் வாங்கி ஊற்றினோம். முதல் தடவை புகைந்து நின்றது. இரண்டாவது தடவையும் நின்றது. மூன்றாவது தடவை பிடித்துக்கொண்டது. யாரும் கத்தவில்லை, அத்தான். உபதேசியாரின் மனைவி முன்வரிசையில் நின்றுகொண்டிருந்தார். அவர் முதலில் கை தட்டினார். அதற்குப் பிறகுதான் மற்றவர்கள்.

நேற்று தியாமிகே ங்கட்டா பே போய் வந்தது. இரண்டு நோயாளிகள், நாற்பது பேர். வரும்போது மண்ணெண்ணெய், சர்க்கரை, உங்கள் வீட்டுக்குத் தகரம். எஞ்சின் அறையில் அக்கா. சங்கம் அவளை உதவி எஞ்சின்காரராகப் போட்டிருக்கிறது. 'உதவி' என்பதை எடுத்துவிடலாம் என்று இரண்டு பேர் சொன்னார்கள். தீர்மானம் ஒத்திவைக்கப்பட்டது.

எழுதச் சொன்னேன். "நான்தான் அவருக்கு பதில் போட்டுட்டேனே" என்றாள்.

தோரிகா


குவாம்பா
3 ஏப்ரல் 1999

தோரிகாவுக்கு,

உன் கடிதத்தை ஏழு தடவை படித்தேன். ஐந்தாம் பக்கத்தில் தப்பு என்று படித்தபோது முதலில் எரிச்சல்தான் வந்தது. ராத்திரி படுத்துக்கொண்டு காற்றில் கையை வைத்து இறுக்கிப் பார்த்தேன். கை நடுவில்தான் போய் நிற்கிறது. பதினோரு வருடத்தில் அதை நான் கவனித்ததில்லை. அவள் கவனித்திருக்கிறாள்.

சந்தோஷம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். சந்தோஷம்தான். ஆனால் நான் இல்லாமலே அது ஓடுகிறது என்பது கொஞ்சம் உறுத்துகிறது. இதை நீ சங்கத்தில் படிக்காதே.

பெரிய வெள்ளிக்கு முந்தின நாள் நகாலாவிலிருந்து காகிதம் வந்துவிட்டது. வெளியேறும் இடம் மெத்தங்குலா என்று தட்டச்சு செய்து, கீழே முத்திரை. ஃபிலோமெனா அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். தன் இருபத்தாறு வருட வேலையில் அந்த ஊர்ப் பெயரை இந்த மாதிரிக் காகிதத்தில் பார்ப்பது இதுவே முதல் தடவையாம். செய்தி எப்படியோ பரவி, இன்று காலை அவர் வாசலில் பதினொரு வியாபாரிகள் நிற்கிறார்கள். எல்லோருக்கும் மெத்தங்குலா வேண்டுமாம். பாஸ்போர்ட்டைக் கையில் கொடுத்துவிட்டு, "போ, மொதல்ல நீ இங்கேருந்து போ. உன்னாலதான் இதெல்லாம்" என்று விரட்டினார். வாசல் வரை வந்து, தம்பிக்கு ஒரு பொட்டலம் கொடுத்தனுப்பினார்.

பதினாலாம் தேதிவாக்கில் மெத்தங்குலா வந்துவிடுவேன். அங்கிருந்து ஏதாவது தோணி கிடைத்தால் ஏறி வருவேன். தங்குவது ஃபிலோமெனாவின் தம்பி வீட்டில்.

ஒன்று கேட்டுக்கொள்கிறேன். நான் வருவதை ஃபைனெசியிடம் சொல்லாதே. அவளிடம் என்ன சொல்வது என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை. முன்கூட்டித் தெரிந்தால் தியாமிகேவை எடுத்துக்கொண்டு அவள் வேறு கரைக்குப் போனாலும் போய்விடுவாள்.

லமெக்


லிகோமா
12 ஏப்ரல் 1999

அத்தானுக்கு,

சொல்லிவிட்டேன்.

வேறு கரைக்குத்தான் போகிறாள். வெள்ளிக்கிழமை காலை தியாமிகே மெத்தங்குலா வருகிறது. இந்தப் பக்கத்துக்கு அது வருவது இதுதான் முதல் தடவை. நாற்பது மூட்டை மக்காச்சோளம் ஏற்ற வேண்டும், அதற்குத்தான் வருகிறோம் என்று சங்கக் குறிப்பில் எழுதியிருக்கிறேன்.

மூன்றாவது பேரிங் சூடாகிறதாம். தோணி கீணி ஏறிவிடாமல் கரையிலேயே நிற்கச் சொன்னாள். வந்ததும் பார்க்க வேண்டுமாம்.

தோரிகா